வெண்டையும் கத்தரியும் கூடை நிறைய வருகிறது, பருப்பை ஏன் குறைத்தீர்கள்?

கேள்வி:

விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வீட்டில் நான், கணவர், 13 வயது மகள், 8 வயது மகன், சர்க்கரை வியாதி உள்ள மாமியார் என்று ஐந்து பேர். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். கணவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் தை மாதத்தில் இருந்து வேலை குறைந்து சம்பளமும் குறைந்துவிட்டது. காய்கறிக்கு மட்டும் வாரம் 700 ரூபாய் போய்க்கொண்டிருந்ததால், இந்தக் கோடை முழுக்கக் காயே வாங்கக் கூடாது என்று முடிவுசெய்து, வீட்டுக்குப் பின்னால் ரெண்டு சென்ட் இடத்தில் மாசியில் வெண்டை, கத்தரி, சீனியவரை (கொத்தவரங்காய்), தண்டங்கீரை போட்டேன். ஒரு முருங்கை மரமும் இருக்கிறது. இப்போது எல்லாம் ஒரே நேரத்தில் காய்க்கிறது. தினமும் வெண்டையும் கத்தரியும் என்று பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். காய்தான் நிறைய இருக்கிறதே என்று பருப்பை வாரத்துக்கு ரெண்டு நாளாகக் குறைத்து, பாலையும் முட்டையையும் நிறுத்திவிட்டேன். பள்ளியில் பரிசோதனை செய்தபோது மகளுக்கு ரத்தம் 10.2 என்று சொன்னார்கள். தோட்டத்துக் காயும் ரேஷன் அரிசியும் மட்டும் வைத்து மூன்று மாதம் ஓட்டலாமா? முருங்கைக்கீரை கொடுத்தால் மகளுக்கு ரத்தம் ஏறிவிடுமா?

பதில்:

ரெண்டு சென்ட் இடத்தில், கரிசல் வெயிலில், மாசியில் விதைத்து சித்திரையில் கூடை நிறையக் காய் பறிக்கிறீர்கள் என்றால் உங்களுக்குக் கைராசியும் உழைப்பும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும்.

"காய்தான் நிறைய இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியை நான் ரெண்டு முறை படித்தேன். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன், பணம் இறுகும்போது வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். அரிசி நிற்காது, குழம்பு நிற்காது, டீ நிற்காது, சத்தமில்லாமல் பருப்பும் முட்டையும் பாலும் நின்றுவிடும். தட்டு நிறைந்துதான் இருக்கும், பிள்ளைக்குப் பசியும் எடுக்காது, அதனால் என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் அதைக் கூடுதலாக மறைத்துவிட்டது அந்தக் கூடை நிறையக் காய்.

கணக்கைப் பாருங்கள். அரைக் கிலோ வெண்டைக்காயில் இருக்கிற புரதம் ஏறக்குறைய 10 கிராம். 50 கிராம் துவரம் பருப்பில், அதாவது ஒரு சின்னக் கைப்பிடியில், அதைவிட ஒரு கிராம் கூடுதலாகவே இருக்கிறது. அரைக் கிலோ வெண்டைக்காயை ஒரு ஆள் ஒரு நாளில் தின்ன முடியுமா? கத்தரிக்காயில் இன்னும் குறைவு. காயில் நார் இருக்கிறது, வைட்டமின் இருக்கிறது, தாது உப்புகள் இருக்கின்றன, எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வளர்கிற பிள்ளைக்குச் சதையும் ரத்தமும் கட்டுவதற்கு வேண்டிய சரக்கு அதில் மிகக் கொஞ்சம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி (அதில் 100 கிராம் கீரை), 85 கிராம் பருப்பு வகை, 300 மில்லி பால் என்று போட்டிருக்கிறார்கள். 85 கிராம் பருப்பு உங்கள் வீட்டு நிலைமைக்கு முடியாது, அதை நான் கேட்கவும் இல்லை. ஆளுக்கு 50 கிராம், அதுவும் தினமும். வாரத்துக்கு ரெண்டு நாள் சாம்பார் என்பது போதவே போதாது.

ஐந்து பேருக்கு நாளுக்குக் கால் கிலோ வருகிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு நாலு நாளில் தீர்ந்துவிடும், மீதியைக் கடையில்தான் வாங்க வேண்டும். துவரம் பருப்பிலேயே நிற்க வேண்டாம். நம் பக்கத்துக் காணப்பயறு (கொள்ளு), தட்டப்பயறு (காராமணி), பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாமே கணக்கில் சேரும். எந்த வாரம் எது விலை குறைவோ அதை வாங்குங்கள். நிலக்கடலையை வறுத்து, மிளகாய் வத்தல், பூண்டு, கொஞ்சம் புளி வைத்து அரைத்த துவையல் இட்லிக்கும் சரி, சோற்றுக்கும் சரி, பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. பள்ளி நடக்கும் நாட்களில் உங்கள் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. பள்ளி மூடியதும் அந்த முட்டையும் நின்றுவிடும். ஆளுக்கு வாரம் ஐந்து முட்டை, ரெண்டு பேருக்குப் பத்து. நீங்கள் வீட்டில் முட்டையை நிறுத்திய அதே நேரத்தில் பள்ளியிலும் நின்றிருக்கிறது, இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள், பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. கோடை விடுமுறையில்தான் இந்தப் பிள்ளைகள் மெலிகிறார்கள், வெயிலில் விளையாடி மெலிந்துவிட்டான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பத்து முட்டையை விடுமுறை முடியும் வரை நீங்கள் வாங்கியே ஆக வேண்டும்.

பணம்? இப்படிச் செய்யுங்கள். காய்க்குப் போய்க்கொண்டிருந்த 700 ரூபாயில் சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய், எலுமிச்சை, பச்சை மிளகாய் இவற்றுக்கு 200 ரூபாய் எடுத்துவையுங்கள். இவை இல்லாமல் தோட்டத்துக் காய் ருசிக்காது. மீதி 500-இல் 200 ரூபாயை முட்டைக்கும் கூடுதல் பருப்புக்கும் போடுங்கள். 300 கையில் நிற்கும், மாதம் 1,200. மளிகைக் கணக்கில் முன்பு பருப்புக்கும் பாலுக்கும் ஒதுக்கியிருந்த பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பால் முழுக்க முடியாவிட்டால் ஒரு அரை லிட்டராவது வாங்கி, உறை ஊற்றித் தயிராக்கி மோராக நீட்டிக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்கும் போகும். 700 ரூபாயும் மிச்சமாக வேண்டும் என்று நினைத்துத்தான் இதில் இறங்கியிருப்பீர்கள். அது ஆகாது. தோட்டம் மிச்சப்படுத்துகிற காசில் ஒரு பங்கு திரும்ப அடுப்படிக்கு வந்தால்தான் இந்தச் சிக்கனம் மூன்று மாதம் தாங்கும்.

இப்போது உங்கள் மகள். 13 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 10.2 என்பது லேசான குறைவு இல்லை, நடுத்தர ரத்தசோகை. முருங்கைக்கீரை கொடுத்தால் ஏறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் நம்பினால் ஏறாது. 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து நாலரை மில்லிகிராம் அளவுதான். அந்த வயதுப் பெண்ணுக்கு நாளுக்குத் தேவை 30 மில்லிகிராம். அப்படியென்றால் அரைக் கிலோவுக்கு மேல் கீரை தின்ன வேண்டும், அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு சின்னப் பங்குதான். முருங்கைக்கீரை நல்ல கீரை, வைட்டமின் ஏ-வுக்கும் கால்சியத்துக்கும் அதை மிஞ்ச நம் வீட்டில் வேறு கீரை குறைவு, அதனால் கொடுங்கள். ஆனால் 10.2-க்கு மருந்து வேண்டும். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம். பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்திருப்பார்கள், அது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. வந்த பிறகு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதை நீங்கள் தனியாக உட்காரவைத்து விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள், இந்த வயதில் பிள்ளைகள் தானாகச் சொல்ல மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்துபோய் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். அது இயல்புதான்.

சாப்பாட்டில் நீங்கள் செய்யக்கூடியது ரெண்டு. சாப்பாட்டோடும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமும் டீ கிடையாது, ஏனென்றால் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் டீ பிடித்துக்கொள்ளும். ரெண்டாவது, கீரையோ பருப்போ சாப்பிடும்போது கூடவே புளிப்பாக ஒரு வைட்டமின் சி இருக்க வேண்டும். எலுமிச்சை பிழியலாம், பச்சை மாங்காய் நாலு கீற்று உப்புத் தொட்டுக் கொடுக்கலாம். மாங்காய் இந்த மாதத்தில் உங்கள் ஊரில் கேட்டாலே கிடைக்கும், கேட்காமலும் யாராவது கொடுப்பார்கள்.

சரி, கூடைக்கு வருவோம்.

நானும் கரிசல்காட்டுப் பெண்தான், கோவில்பட்டிக்குப் பக்கம். எங்கள் அம்மா காலையில் ஓலைக்கொட்டானை எடுத்துக்கொண்டு செடிப்பக்கம் போவார். பறித்து வந்து, கொட்டானைத் திண்ணையில் வைத்து, ஒரு நிமிடம் பார்ப்பார். அதற்கப்புறம்தான் இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவாகும். ஆறு வெண்டைக்காய், மூன்று கத்தரிக்காய், ஒரு பிடி சீனியவரை கிடந்தால் மூன்றையும் சேர்த்துப் போட்டு ஒரே குழம்பு. முழுக்க வெண்டை என்றால் மோர்க்குழம்பு. இன்றைக்குப் பலரும் குழம்பை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்குக் காய் தேடுகிறார்கள், தோட்டம் வைத்திருக்கும் வீட்டிலும் அப்படித்தான். அப்போதுதான் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் வெண்டையை வெறுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், தினமும் ஒரே உருவத்தில் வருவதைத்தான் வெறுக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் வெண்டை என்றால் பொரியல், கத்தரி என்றால் எண்ணெயில் வதக்கல். இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. வெண்டைக்காயைத் தினமும் மொறுமொறு என்று வறுத்தால் அது குடிக்கும் எண்ணெய்க்காகும் காசில் சந்தையில் காயே வாங்கிவிடலாம். ஆளுக்கு நாளுக்கு ஐந்து ஆறு தேக்கரண்டி எண்ணெய்க்கு மேல் போகக் கூடாது, அது தாளிப்பையும் சேர்த்து.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பறித்துவிடுங்கள். நுனியை விரலால் ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நார் ஏறிவிட்டது, அதைச் சமைக்காதீர்கள், பிள்ளைகள் வாயில் வைத்து இழுத்துத் துப்பிய அந்த ஒரு காய்தான் அடுத்த பத்து நாளைக்கு வெண்டையே வேண்டாம் என்று சொல்லவைக்கும். முற்றிய காயைச் செடியிலும் விடக் கூடாது, விட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கிப் புதுப் பூ வைப்பதைக் குறைத்துவிடும். விதைக்கென்று நல்ல செடியாக ஒன்றைப் பார்த்து, அதில் ரெண்டு காய் மட்டும் விட்டு நூல் கட்டிவையுங்கள். பறித்ததைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கொழகொழப்பு அடங்கும் வரை வதக்கி எடுத்து வைத்துக்கொண்டால் அதை மோர்க்குழம்பிலும் போடலாம், புளிக்குழம்பிலும் போடலாம். புளிப்பு பட்டதும் கொழகொழப்பு போய்விடும். மோர்க்குழம்புக்கு ஒரு கரண்டி துவரம் பருப்பும் ஒரு கரண்டி பச்சரிசியும் ஊறவைத்து, சீரகம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காயோடு அரைத்து, புளித்த மோரில் கலக்கி, பொங்கிவரும்போது இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

கத்தரிக்காயில் லேசாக எண்ணெய் தடவி, நாலு இடத்தில் கீறி, அடுப்புத் தணலில் சுடுங்கள். தோல் கறுத்து வெடித்து உள்ளே குழைந்ததும் உரித்து, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்தால் போதும். கம்பஞ்சோற்றுக்கு இதை விடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியாது. எண்ணெய் அரைத் தேக்கரண்டிதான் போகும். உங்கள் மகனை அந்தக் கருகிய தோலை உரிக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பையன் தானே உரித்த கத்தரிக்காயைத் தின்றுபார்க்காமல் விடமாட்டான். அதே மாதிரி காலையில் பறிக்கிற வேலையையும் பிள்ளைகளிடம் கொடுங்கள், இன்றைக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லட்டும்.

சீனியவரைதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பருப்பை உள்ளே கொண்டுவருவதற்கு அதைப்போல வழி இல்லை. துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மிளகாய் வத்தல், சோம்பு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் அவித்து, ஆறியதும் உதிர்த்து, வேகவைத்த சீனியவரையோடு ரெண்டு கரண்டி எண்ணெயில் புரட்டினால் பருப்பு உசிலி. ஐந்து பேருக்கு வேண்டிய கால் கிலோ பருப்பில் பாதி இந்த ஒரு பொரியலிலேயே இறங்கிவிடும். கூட ரசமும் மோரும் போதும், அன்றைக்குக் குழம்பே வேண்டாம்.

முருங்கைக்கீரையை முட்டை உடைத்து ஊற்றிப் புரட்டுங்கள். இல்லாவிட்டால் அடையில் போடுங்கள். ரேஷன் அரிசி ஒரு பங்கு, கிடைக்கிற பருப்பெல்லாம் சேர்த்து ஒரு பங்கு, ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, ரெண்டு கை கீரை, வெங்காயம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாரம் ரெண்டு நாள் அடை வைத்தால் பருப்புக் கணக்கு தானாகச் சரியாகிவிடும், காய் தனியாகச் சமைக்கும் எரிவாயுவும் மிச்சம்.

தண்டங்கீரையில் இலையைப் பாசிப்பருப்போடு கடைந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடுகிறீர்களா? தண்டு மறுநாள் புளிக்குழம்புக்கு ஒரு காய். நார் உரித்து விரல் நீளத்துக்கு நறுக்குங்கள், முருங்கைக்காய் மாதிரிக் கடித்துச் சப்பிச் சாப்பிடலாம். பிற்பாடு பீர்க்கு, பூசணி காய்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைக்கலாம், பூசணி விதையை வெயிலில் காயவைத்து வறுத்துத் தின்னலாம்.

இவ்வளவு செய்தும் மிஞ்சும். மிஞ்சட்டும், அதற்குத்தான் கத்தரி வெயில் வருகிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரைக்கும் அடிக்கிற அந்த வெயில் ஊருக்கெல்லாம் தொல்லை, வத்தல் போடுகிற பெண்ணுக்கு அதுதான் முதல் போட வேண்டாத இயந்திரம். சீனியவரையைக் காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்து வடித்து, புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் எடுத்துப் பாயில் பரப்பி, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க இழுத்த பிறகு கலகல என்று சத்தம் வரும் வரை காயவேண்டும், நாலைந்து நாள் ஆகும். வெண்டையை வட்டமாக நறுக்கி இதே மாதிரி செய்யலாம், அவிக்க வேண்டியதில்லை. கத்தரியை நாலாகப் பிளந்து உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்துக் காயவைத்தால் ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது கத்தரி வத்தல் குழம்பு. மாதம் ஒரு முறை டப்பாவைத் திறந்து வெயில் காட்டுங்கள். முருங்கைக்கீரையை மட்டும் வெயிலில் காயவைக்காதீர்கள், சத்து போய்விடும், நிழலில் துணி விரித்து உலர்த்திப் பொடித்து வையுங்கள், இட்லிப் பொடியில் கலந்துகொள்ளலாம். வத்தலில் உப்பு அதிகம் என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அளவாக.

மாமியார் விஷயம். சர்க்கரை உள்ளவருக்குத் தோட்டம் உண்மையிலேயே வரம். அவர் தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ முட்டையோ, கால் பங்குதான் சோறு என்று பழக்குங்கள். பணம் இறுகும்போது வயதானவர்கள் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுத் தாங்கள் ஒரு நேரத்தைத் தவிர்ப்பார்கள், "எனக்குப் பசியில்லை" என்பார்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், அது ஆபத்து. அவர் சாப்பிட்டாரா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். கம்பங்கூழ் நல்லதுதான், அதற்காகச் செம்பு செம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஒரு டம்ளர், வெங்காயம் கடித்துக்கொண்டு. தோட்டத்தில் பாகல் போட்டால் சமைத்துக் கொடுங்கள், மாத்திரைக்குப் பதிலாகச் சாறு குடிக்கிறேன் என்றால் விடாதீர்கள்.

தோட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ப்பதற்குக் காரணம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்ததுதான். கீரையை ஒரு பாத்தி முழுக்கத் தூவாமல் மூன்றாகப் பிரித்துப் பத்து நாளுக்கு ஒரு முறை விதையுங்கள். தண்டங்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும், ஒரு துண்டு முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். ஒரு ஓரத்தில் அரைக்கீரை போட்டால் வேரோடு பிடுங்காமல் அறுத்து அறுத்து எடுக்கலாம். வெண்டை ஐந்து பேருக்கு முப்பது செடி போதும். செடிக்கு ஒரு காய் வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது காய் வந்தால் ஒரு நேரக் குழம்புக்குத் தாராளம். அதற்கு மேல் இருக்கும் இடத்தில் தட்டப்பயறு ஊன்றுங்கள். பிஞ்சில் காய், முற்றினால் பயறு, வெயிலும் தாங்கும். உங்கள் வீட்டில் குறைகிற புரதத்தைத் தருகிற செடி அது ஒன்றுதான், அதை விட்டுவிட்டு வேறு எல்லாம் போட்டிருக்கிறீர்கள்.

தக்காளிக்கு ஆசைப்படாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிர்ந்துவிடும், இந்த மாதங்களில் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் செடி மட்டும்தான் வளரும். கடையிலும் அது விலை ஏறும். புளியும் மாங்காயும் இருக்கும்போது கோடையில் தக்காளி இல்லாமலே சமைக்கலாம், நம் பாட்டிமார் அப்படித்தான் சமைத்தார்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்குப் போகட்டும். சோப்பு கலந்த தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள், வாழையோ தென்னையோ இருந்தால் அதற்கு. சாயங்காலம் ஊற்றி, செடியடியில் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் ஊற்றுகிற தண்ணீரில் பாதி வீணாகாமல் நிற்கும்.

பிள்ளைகள் பீன்ஸ், கேரட் கேட்கிறார்கள் என்றால் மாதம் ஒருமுறை வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை, ஆனால் இங்கிலீஷ் காயில்தான் சத்து என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு மாத்திரை தொடங்கிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து ரத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அந்த எண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எழுதும்போது தட்டப்பயறு ஊன்றினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.